கொல்லைப்புறத்தில் ஒரு குருகுலம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உற்சவ காலத்தில் எம்பெருமான் நாளுக்கொரு வாகனத்தில் திருவீதி எழுந்தருளுகின்றான். ஒரு நாள் அன்னத்தின்மீது பவனி வருகின்றான். ஒரு நாள் ஆதிசேஷன்மீது. பிறகு கருடன், அனுமன், யானை, குதிரை என்று வாகனங்கள் தொடர்கின்றன. அகிலாண்ட கோடிகளையும் தாங்குபவன் ஒரு பறவையின் தோளிலும் ஒரு பாம்பின் மடியிலும் ஒரு குரங்கின் கைகளிலும் தன்னைத் தாங்கக் கொடுத்து நிற்கும் எளிமையைக் காண்பதற்காகவே அடியார்கள் பல காதம் கடந்து வருகின்றனர். ஒரு கணம் ஸேவை கிடைக்கிறது. தீவட்டி ஒளியில் திருமுகமண்டலம் கண்ணில் நிறைகிறது. பின்பு பல்லக்கும் நகர்கிறது; கூட்டமும் கலைகிறது; அன்பர்கள் ஊர் திரும்புகின்றனர்.

அவர்களோடு அவனும் வீடு வருகின்றானா? வருகின்றான் என்பதே நம் பெரியோர்களின் துணிபு. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என அவனுக்கு ஐந்து நிலைகளைக் கூறுகின்றன சாஸ்திரங்கள். வீதியில் வாகனமேறி வருபவன் அர்ச்சாவதாரன். வாகனம் ஏதுமின்றி ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஒளிந்து நிற்பவன் அந்தர்யாமி. சேதனமும் அசேதனமுமாகிய அனைத்தும் அவனுக்குச் சரீரம் என்று நிலைநாட்டினார் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார். அங்ஙனமாயின் வீட்டுக் கொல்லையில் ஊரும் எறும்பும், முருங்கைக் கிளையில் தாவும் அணிலும், கிணற்றடியில் தங்கும் தவளையும் அவன் திருமேனிக்குப் புறம்பானவை ஆகா.

கொல்லைப்புறம் என்றால் பாத்திரம் துலக்கும் இடம், குப்பை கொட்டும் இடம் என்று எண்ணுவது பிழை. பூமிப்பிராட்டியின் அம்சமான ஆண்டாள் அவதரித்தது மாளிகையில் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியிலேதான். அவ்வாண்டாளும் திருப்பாவையின் 14-ஆம் பாசுரத்தில், உறங்கும் தோழிக்கு விடியலின் அடையாளத்தை அவள் வீட்டுப் புழைக்கடைத் தோட்டத்து நீர்நிலையிலேயே காட்டுகின்றாள். செங்கழுநீர் மலர்ந்ததும் ஆம்பல் குவிந்ததும் அங்கே சாட்சிகளாகின்றன. வாசலுக்கு வந்து எழுப்புபவர்களின் குரல் கேட்காதவளுக்குக் கொல்லையில் உள்ள பூக்கள் பொழுது விடிந்ததைச் சொல்லுகின்றன என்பது உற்று நோக்கத்தக்கது.

அவதூதரின் ஆசிரியர்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில், கண்ணபிரான் உத்தவருக்கு ஒரு வரலாற்றைச் சொல்லியருளுகின்றான். யது என்னும் அரசன் ஓர் அவதூதரைக் கண்டு, "கவலையின்றி இவ்வளவு ஆனந்தமாக இருக்கின்றீரே, யாரிடம் கற்றீர்?" என்று வினவினான். தமக்கு ஆசிரியர்கள் இருபத்து நால்வர் என்று விடையிறுத்தார் அவர். அந்த ஆசிரியர்களின் பட்டியல் வியப்புக்குரியது. பூமியும் காற்றும் நீரும் அதில் உள்ளன. புறாவும் மலைப்பாம்பும் விட்டிற்பூச்சியும் தேனீயும் மீனும் சிலந்தியும் குளவியும் உள்ளன. மிதிப்பவரையும் பொறுப்பதைப் பூமியிடம் கற்றார். பூவுக்கு ஊறு செய்யாமல் சிறிது சிறிதாகத் தேன் கொள்வதை வண்டிடம் கற்றார். தன் உள்ளிருந்தே நூலை விரித்துத் தன்னுள்ளேயே ஒடுக்கிக் கொள்ளும் சிலந்தியிடம், பகவான் உலகைப் படைத்து ஒடுக்கும் இரகசியத்தைக் கற்றார். ஒரு வீட்டுக் கொல்லையே அவருக்குக் குருகுலமாகப் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஆசிரியன் அருகில் இருப்பது மட்டும் போதாது. மாணாக்கன் கேட்கவும் வேண்டும். இதற்கு ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் செய்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கிணற்றின் நடுவே ஒரு சுவர்

காவிரிக் கரையில் ஓர் ஊர். அங்கே பெருமாள் கோயிலை ஒட்டிய வீதியில் ஒரு பெரியவர் வாழ்ந்து வந்தார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் தவறாமல் திருவாராதனம் செய்பவர். கோஷ்டியில் திவ்யப்பிரபந்தம் சேவிப்பவர். பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களில் எந்த இடத்தில் எந்த ஐதிஹ்யம் வருகிறது என்று ஏடு புரட்டாமல் சொல்ல வல்லவர்.

அடுத்த வீட்டில் இருந்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி. இருவருக்கும் பேச்சு நின்று பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாகப் பிரிவினையின்போது கொல்லையில் மாட்டுத் தொழுவம் இருந்த ஆறடி அகல நிலம் யாருக்கு என்பதில் மூண்ட வழக்கு அது. நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு தமையனாருக்குச் சாதகமாயிற்று, நெடுஞ்சுவர் எழுந்தது. கிணறு மட்டும் இருவருக்கும் பொதுவாகையால், அதன் வாய்க்குக் குறுக்கே சுவரை எழுப்பினர். இந்தப் பக்கம் ஓர் இராட்டினம்; அந்தப் பக்கம் ஓர் இராட்டினம். மேலே சுவர் இரண்டாகப் பிரித்தாலும் அடியில் இருந்த நீர் ஒன்றுதான். அந்தப் பக்கம் வாளி விழுந்தால் இந்தப் பக்கத்து நீரும் அலையும். பெரியவரின் காதில் அவ்வொலி தினமும் விழுந்தது, கருத்தில் விழவில்லை.

வென்ற ஆறடி நிலத்தில் அவர் எதையும் நடவில்லை. அது புல் மண்டிக் கிடந்தது.

எறும்பும் அணிலும்

ஒரு வைகாசி மாதம், கோடை விடுமுறைக்காக ஒன்பது வயதுப் பேரன் வந்திருந்தான். பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவனுக்குக் கொல்லை ஒரு புது உலகமாயிற்று. விடியற்காலையில் பாட்டி அரிசி மாவால் கோலமிடுவாள்; சற்று நேரத்தில் எறும்புகள் வரிசையாக வந்து கோலத்தைச் சுமந்து செல்லும். "பாட்டி போட்ட கோலத்தை அழிக்கிறதே!" என்று பேரன் கலங்கினான். பெரியவர் அவனுக்கு அனந்தாழ்வானின் வரலாற்றைச் சொன்னார்.

எம்பெருமானாரின் ஆணையை ஏற்றுத் திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்தவர் அனந்தாழ்வான். அவர் ஒருமுறை திருமலையிலிருந்து பிரஸாதம் கட்டிக்கொண்டு புறப்பட்டு, வழியில் மூட்டையை அவிழ்த்தபோது அதில் எறும்புகளைக் கண்டார். உதறிவிட்டு உண்ணவில்லை. திருமலையில் ஏதேனும் ஒரு பொருளாகப் பிறந்து கிடக்க வேண்டும் என்று குலசேகராழ்வார் ஆசைப்பட்டாரே. இந்த எறும்புகள் எந்த மகானோ! அவர்களை அம்மலையினின்றும் பிரிக்கலாமா என்று அஞ்சி, மூட்டையை மீண்டும் மலைக்கே கொண்டு சென்று அவற்றை விட்டார் என்பது பெரியோர் வாக்கு.

பேரன் அடுத்து அணிலைக் காட்டினான். அதன் முதுகின் மூன்று கோடுகளைப் பற்றிக் கேட்டான். இராமபிரான் வருடிய விரல்களின் அடையாளம் அது என்பது நாட்டு வழக்கு. வான்மீகத்தில் அணிலின் கதை இல்லை. ஆயினும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், நீரில் மூழ்கி மணலில் புரண்டு அணை கட்ட உதவிய அணில்களை நினைந்து, தாம் அவற்றுக்கும் ஒப்பாகவில்லையே என்று நெஞ்சுருகுகின்றார். மலைகளைப் பெயர்த்து வந்த வானரங்களின் நடுவே சில மணல் துகள்களுக்கு மதிப்பு உண்டா என்று கேட்கலாம். கைங்கரியம் எடையால் அளக்கப்படுவதில்லை. செய்பவனின் நெஞ்சால் அளக்கப்படுகிறது.

சிறு உயிர்களின் தொண்டு சிறிதும் அன்று. மேனாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று வெளிவருகிறது என்று அதில் கணக்கிட்டார். துளசியின் வேரடியில் யாரும் காணாமல் மண்ணை உழுது கொண்டிருக்கும் அப்புழுவும் பெருமாளுக்குத் திருத்துழாய் கைங்கரியம் செய்கிறது என்று எண்ணுவதில் தவறென்ன?

இவற்றையெல்லாம் பெரியவர் சுவைபடச் சொன்னார். பேரனும் மகிழ்ந்தான்.

ஓணானாகிய அரசன்

மறுநாள் பிற்பகல். தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து பேரன் ஓர் ஓணானைத் துரத்தி வந்தான். அது கிணற்றுச் சுவரின்மேல் ஏறி, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. ஓணானைக் கண்டால் கல்லெறிவது சிறுவர்களின் வழக்கம். பேரன் கல்லை ஓங்கியபோது பெரியவர் அவன் கையைப் பிடித்துக் கொண்டார்.

"அடிக்காதேடா குழந்தே. கிணற்றில் கிடந்த ஓர் ஓணானைக் கண்ணன் தன் கையாலே தூக்கி விட்டிருக்கிறான், தெரியுமோ?"

திண்ணையில் அமர்ந்து கதையைத் தொடங்கினார். இக்ஷ்வாகுவின் மகனாகிய நிருகன் என்னும் அரசன் எண்ணற்ற பசுக்களைத் தானம் செய்தவன். ஒருநாள், முன்பே ஓர் அந்தணருக்குத் தானமாகச் சென்ற பசு ஒன்று வழிதவறி வந்து அரசனின் மந்தையில் கலந்துவிட்டது. அதனை அறியாமல் அரசன் வேறோர் அந்தணருக்கு அப்பசுவைக் கொடுத்துவிட்டான். பழைய உரிமையாளர் வழியில் கண்டு "இது என் பசு" என்றார். பெற்றவரோ "அரசன் தந்தது, என் பசு" என்றார். வழக்கு அரசனிடம் வந்தது. இதற்கு ஈடாக ஓர் இலட்சம் பசுக்களைத் தருகிறேன், இதனை விட்டுக்கொடுங்கள் என்று இருவரையும் தனித்தனியே வேண்டினான் அரசன். இருவரும் இசையவில்லை, சென்றுவிட்டனர். அறியாமற் செய்த அப்பிழைக்காக நிருகன் ஓணானாகிப் பாழுங்கிணற்றில் நெடுங்காலம் கிடந்தான். தண்ணீர் தேடி வந்த யாதவக் குமாரர்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்தும் இயலாமல் கண்ணனிடம் சொன்னார்கள். அவன் வந்து இடக்கையால் எடுத்த அளவிலே ஓணான் உருவம் நீங்கித் தேவ வடிவம் பெற்றான் நிருகன்.

கதை முடிந்தது. பேரன் கல்லைக் கீழே போட்டுவிட்டான். சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது விட்டுக்கொடுத்திருந்தா ராஜா ஓணானா ஆகியிருக்க மாட்டார், இல்லையா?"

பெரியவர் விடை சொல்லவில்லை. ஓணான் அமர்ந்திருந்த சுவர் அவர் கண்ணில் பட்டது. அதற்கு இப்பால் புல் மண்டிய தொழுவத்து நிலமும் பட்டது. "ஸந்தியாவந்தனத்துக்கு நேரமாகிவிட்டது" என்று எழுந்து உள்ளே போனார்.

இந்த வரலாற்றை அவர் எத்தனையோ முறை படித்தவர்; பிறருக்குச் சொன்னவர். ஆயினும் அன்றுதான் அது அவரிடம் கேள்வி கேட்டது. திருவாய்மொழியில் நம்மாழ்வார் பறவைகளைத் தூது விடுகின்றார். அங்கே தூது செல்லும் பறவைகளை ஆசார்யர்களாகக் கொண்டு, அவற்றின் இரு சிறகுகளை ஞானமும் அனுஷ்டானமும் என்று விளக்குவது நம் பெரியோர் மரபு. ஒற்றைச் சிறகால் எப்பறவையும் பறப்பதில்லை. பெரியவரிடம் ஞானம் இருந்தது. மற்றொரு சிறகு பதினொரு ஆண்டுகளாகச் சுவரின் அடியில் சிக்கிக் கிடந்தது.

தவளையின் குரல்

அன்றிரவு கோடை மழை பெய்து ஓய்ந்தது. நள்ளிரவில் கிணற்றடியிலிருந்து ஒரு தவளையின் குரல் எழுந்தது. மழைக்குப் பின் தவளைகள் மகிழ்ந்து கூவும் ஒலியன்று அது. இழுபட்டு நீண்ட ஓலம். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை அவ்வாறு கத்தும் என்பது கிராமத்தார் அனைவரும் அறிந்ததே. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர் கொல்லைக் கதவைத் திறந்தார்.

அவர் நெஞ்சில் கூரத்தாழ்வான் எழுந்தருளினார். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் அவதரித்த அம்மகான், பாம்பு பிடித்த தவளையின் கூக்குரலை ஒருநாள் கேட்டாராம். கஜேந்திரன் முதலையின் வாயில் அகப்பட்டபோது யாரைக் கூப்பிட வேண்டும் என்று அறிந்திருந்தான். இந்தத் தவளை யார் அறியக் கூப்பிடுகிறதோ என்று சொல்லி மயங்கி விழுந்தாராம். இதனைப் பெரியவர் கோஷ்டியில் பலமுறை கண்ணீர் மல்க எடுத்துரைத்திருக்கின்றார்.

பாம்பின்மேல் குற்றம் இல்லை. ஓர் உயிருக்கு மற்றோர் உயிர் உணவாக அமைந்தது படைப்பின் நியதி. வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உதவும் சாரைப்பாம்புக்கு நஞ்சும் கிடையாது. ஆனால் ஓலம் கேட்ட மனிதன் உள்ளம் உருகவில்லையானால் அது நியதியன்று, குறை.

பெரியவர் ஈரத்தில் கால் வைத்து நடந்தார். அப்போது சுவருக்கு அப்பாலிருந்தும் ஒரு விளக்கொளி அசைந்து வருவது தெரிந்தது. அங்கேயும் ஒருவருக்கு அதே ஓலம் கேட்டிருந்தது. ஒரு குரல் எழுந்தது:

"அண்ணா! கிணற்றடியில் பாம்பு இருக்கும் போலிருக்கு. காலைப் பார்த்து வையுங்கோ."

பதினொரு ஆண்டுகளுக்குப் பின் கேட்ட முதற்சொல் அது. பெரியவர் அசையாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"உனக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாதே, நீ எதற்கு வந்தாய்? உள்ளே போ."

அதற்குள் தவளையின் குரல் நின்றுவிட்டது. அது தப்பியதோ, மாண்டதோ, எவரும் காணவில்லை. கிணற்றடியில் ஈரமண்ணில் ஒரு பாம்பு சென்ற தடம் மட்டும் இருந்தது. யார் அறியக் கூப்பிடுகிறது என்று கூரத்தாழ்வான் கலங்கிய கேள்விக்கு அன்றைக்கு ஒரு விடை இருந்தது. சுவரின் இரு பக்கத்திலும் இருவர் அறிந்தனர்.

எளிய அன்பும் அரிய அன்பும்

அன்றிரவு பெரியவருக்கு உறக்கம் வரவில்லை. கூரத்தாழ்வானின் சரித்திரத்தில் மற்றொரு பகுதியும் உண்டு. அவர் கண்களை இழப்பதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னாளில் பேரருளாளனாகிய காஞ்சி வரதன் உகந்து வரம் தர முன்வந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று பிரார்த்தித்தார் ஆழ்வான். தவளைக்காக மயங்கியவரும் அவரே; நாலூரானுக்காக வரம் கேட்டவரும் அவரே. இவை இரண்டு குணங்கள் அல்ல, ஒரே கருணை. முன்னதைச் சொல்லிச் சொல்லி உருகியவர், பின்னதைத் தமக்கு உரியதாக எண்ணிப் பார்த்ததில்லை.

அணிலிடம் அன்பு கொள்வது எளிது. அது நம்மீது வழக்குத் தொடுப்பதில்லை. எறும்புக்கு இரங்குவதும் எளிது. அது நமக்கு எதிராகச் சாட்சி சொல்வதில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு நம்மோடு பிணங்கி நிற்கும் உடன்பிறந்தானுக்குள்ளும் அதே அந்தர்யாமி நிற்கின்றான் என்று கொள்வதே அரிது. அந்த அரிய பாடத்துக்கு நம்மைப் பழக்குவதற்காகவே பகவான் எளிய பாடங்களைக் கொல்லையில் வைத்திருக்கின்றான். எறும்புக்கு வழிவிட்டு ஒதுங்கக் கற்ற கால், ஒருநாள் தம்பியின் வாசற்படியையும் மிதிக்க வேண்டும். இல்லையேல் கற்ற பாடம் விளையாட்டாகவே முடிந்துவிடும்.

மறுநாள் காலை பெரியவர் துளசியும் நந்தியாவட்டையும் பறித்தார். தம் பெருமாளுக்குப் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஒரு தட்டில் இட்டு வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குச் சென்றார். தம்பி திண்ணையில் அமர்ந்திருந்தார்; அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உன் பெருமாளுக்குப் புஷ்பம். இன்றைக்குக் கருட ஸேவை, சேர்ந்து போகலாமா என்று கேட்க வந்தேன்" என்றார் பெரியவர்.

தம்பியால் பேச இயலவில்லை. தட்டை இரு கைகளாலும் வாங்கிக் கொண்டார். அன்று மாலை, கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானை இருவரும் ஒரே இடத்தில் நின்று ஸேவித்தனர். பேரன் இருவர் கையையும் பற்றிக்கொண்டு நடுவில் நின்றான்.

உற்சவம் முடிந்தபின் சுவரில் ஒரு வாசல் திறக்கப்பட்டது. தொழுவம் இருந்த ஆறடி நிலத்தில் புல்லைக் களைந்து இருவருமாகத் துளசியும் மல்லிகையும் நட்டனர். அதன் பூக்கள் நாள்தோறும் கோயிலுக்குச் சென்றன. "என்னுடையது" என்று இருவர் பற்றி இழுத்த பொருள், உண்மையில் யாருடையதோ அவனிடமே சேர்ந்தது. நிருகனின் பசுவுக்கு அன்று கிட்டாத தீர்ப்பு இந்த நிலத்துக்குக் கிட்டியது.

ஊர் திரும்பும் அடியார்களுக்கு

உற்சவ ஸேவை பெற்று வீடு திரும்பும் அடியார்கள் தங்கள் கொல்லையைப் புதிய கண்ணோடு பார்க்க வேண்டும். இன்று பல வீடுகளில் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளமாகிவிட்டது. புழுவுக்கு மண் இல்லை. புழு இல்லாததால் குருவிக்கு இரையும் இல்லை. சிட்டுக்குருவியை மறவாதிருக்கவென்று 2010-ஆம் ஆண்டு முதல் மார்ச் 20-ஆம் நாளை ஒரு தினமாக அனுசரிக்கும் நிலை உலகுக்கு வந்துவிட்டது. நான்கடி மண்ணையாவது மூடாமல் விடலாம். அதில் ஒரு துளசியை நடலாம். கோடையில் ஒரு சட்டியில் நீர் வைக்கலாம். கோலத்தை அரிசி மாவாலேயே இடலாம். ஓணானைக் கல்லாலடிக்கும் குழந்தையின் கையைத் தடுத்து, கண்ணன் கைகொடுத்த கதையைச் சொல்லலாம். கொல்லையே இல்லாத மாடி வீட்டிலும் ஜன்னலில் ஒரு காகம் வந்து அமராமல் இராது. முதற்பிடிச் சோறு அதற்கு உண்டு.

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக் கொள்வதும் அவசியம். அணிலும் குயிலும் தடையின்றிக் கடந்து செல்லும் எந்தச் சுவரை நாம் கடக்காமல் இருக்கின்றோம்? எந்த வீட்டு வாளியின் ஒலி நம் கிணற்றில் கேட்டும் கேளாதது போல் இருக்கின்றோம்? அதற்கு விடை காண்பவருக்கு உற்சவம் பத்து நாளோடு முடிவதில்லை. வீதியில் வாகனமேறி வந்த பெருமான், அவர்கள் திறக்கும் வாசல் வழியே கால்நடையாக வந்து சேருவான். அவன் வரும் அடியோசையை முதலில் அறிவது கொல்லையில் உள்ள ஏதேனும் ஒரு சிற்றுயிராக இருக்கலாம். அது குரல் கொடுக்கும்போது நாம் விழித்திருந்தால் போதும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.